ஏட்டையா வீட்டுச் சாக்ஸ்

முக்காலியின் மேல் ஏறி நின்று பரணுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் எலினா. பழைய தலையணை, ஓட்டை விழுந்த இட்லிக் கொப்பரை, போன வருடத்துக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் போட்ட அட்டைப்பெட்டி. ஒட்டகத்தின் ஒடிந்த கால்கூடக் கைக்கு அகப்பட்டது. தேடி வந்தது மட்டும் அகப்படவில்லை. முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அப்பா, போலீஸில் ஏட்டையாவாக இருந்த ஏசுவடியான் படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த சபைப் பெண்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்கு ராகம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி எலினா, அப்பன நடுவீட்ல கெடத்திட்டுப் பரணுல என்னத்தத் தேடுத?”

கீழே புதுப்பட்டி அத்தை நின்றாள். அப்பாவின் தங்கை, வ. புதுப்பட்டியில் வாக்கப்பட்டவள். கண் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தாலும் பார்வை வீட்டின் எல்லா மூலைக்கும் போய்வந்துவிடும்.

“ஒண்ணுமில்லத்தே. சாக்ஸத் தேடுதேன்.”

அத்தை மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். “சாக்ஸா? நான் பத்திரம் கித்திரம் தேடுதியோன்னு நெனச்சேன்.”

எலினா இறங்கி, முக்காலியை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தைக்குச் சொல்லிப் புரிய வைக்க அன்றைக்கு நேரமில்லை. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பெட்டியை மூடுவதற்குள் சாக்ஸ் கிடைத்தாக வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எலினாவுக்குப் போன் போட்டிருந்தார்.

“இந்த வருசம் நீ தோத்துப்போவ பாரு. தொட்டுப் பாத்தாலும் ஒனக்குப் பிடிபடாது.”

“வருசா வருசம் இதத்தானப்பா சொல்லுதீக.”

“இந்தத் தடவ வசமா மாட்டிக்கிட்ட,” என்று சொல்லிச் சிரித்த சிரிப்பில் போனே கரகரத்தது. விடியற்காலையில் எழுந்து, காப்பி குடித்து, “செத்த நேரம் படுக்கேன்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர்தான். படுக்கை கலையவில்லை. யாரையும் பாடுபடுத்தாத சாவு என்று ராஜபாளையம் சபையே சொல்லிக்கொண்டிருந்தது. எலினாவுக்கு அதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவளை அரித்ததெல்லாம் ஒன்றுதான். சாக்ஸை அவர் முன்னால்தான் திறக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துத் திறந்தால் அது வெறும் சாமான்.

அந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எலினா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். அதில் நீளமான சிவப்புச் சாக்ஸ் ஒன்று தொங்கியது. வாய் நிறையப் பொம்மைகள். வீட்டுக்கு வந்து அதே மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். “அவிய பனி பெய்யுற ஊருக்காரவுக. வேகுற வெயில்ல நாம சாக்ஸுக்கு எங்கட்டி போறது?” என்றாள் அம்மா அன்னத்தாய். டூட்டி முடிந்து வந்து படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த ஏட்டையா, முழங்கால் வரைக்கும் வருகிற தன் காக்கிக் கம்பளிச் சாக்ஸை உருவி, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “ஏன், இதுக்கென்ன கொறச்சல்?”

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். சோடா போட்டு ஊறவைத்தாள், சோப்புப் போட்டு அடித்தாள், வெயிலில் காயப்போட்டாள். வாடை போனபாடில்லை. டிபார்ட்மெண்டில் சேர்ந்த வாடை அவ்வளவு லேசில் ராஜினாமா செய்துவிடுமா? கடைசியில் ஏட்டையாவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு சாக்ஸின் நுனியிலும், கட்டைவிரல் இருக்கிற இடத்தில், ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டார். வாடை அடங்கியது. அந்த வருடத்திலிருந்து எலுமிச்சை இல்லாமல் அந்த வீட்டில் சாக்ஸ் தொங்கியதில்லை. அம்மா எதையும் வீணாக்குகிறவள் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அந்தப் பழங்களையெல்லாம் சேகரித்து, கழுவி, சர்பத் பிழிந்துவிடுவாள். விருந்துக்கு வந்தவர்கள் ருசித்துக் குடிப்பார்கள். புதுப்பட்டி அத்தை மட்டும் எப்போதும் இரண்டு டம்ளர். பழம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை.

மார்கழியில் அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பந்தோபஸ்து டூட்டி விழுந்துவிடும். கிறிஸ்துமஸ் காலையில் எந்தப் பஸ் கிடைக்கிறதோ அதைப் பிடித்து வருவார். அதுவரைக்கும் எலினாவும் தம்பி ஜெர்வினும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தொங்கும் நாலு சாக்ஸையும் பார்த்தபடி எச்சில் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தொடக்கூடாது. அவர் வந்து, தொப்பியைக் கழற்றாமலே, ஸ்டேஷனில் விசாரிக்கிற குரலில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, தடவிப் பார்த்தே என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, “தோத்துட்டேங்கய்யா,” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பொருள் கைக்கு வரும். நாலாவது சாக்ஸ் அவருடையது. அதை மற்றவர்கள் நிரப்புவார்கள், அவர் எல்லோருக்கும் கடைசியாகத் திறப்பார். ஜெர்வின் வருடம் தவறாமல் சல்யூட் அடித்தான். எலினா ஒரு தடவைகூட அடித்ததில்லை. பொம்பளைப் பிள்ளை கையில் மோப்ப சக்தி இருக்கிறது என்று ஏட்டையா ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனாலும் அவளை ஒரு தடவையாவது தோற்கடித்துவிட வேண்டும் என்கிற வெறி அவரை விடவில்லை. கல்யாணமாகி அவள் போன பிறகும் விடவில்லை. பேத்தி மட்டும், “நாறுது தாத்தா,” என்று சொல்லி ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டாள். அவளுக்கு நேராகக் கையிலேயே கொடுத்துவிடுவார்.

ஒரு வருடம் எலினாவின் சாக்ஸில் தகரத் தவளை வந்தது. வயிற்றை அமுக்கினால் டக் என்று சத்தம் போடும் பச்சைத் தவளை. தொட்டவுடனே சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பூராவும் டக், டக், டக். டூட்டி முடிந்து வந்து தூங்கப் படுத்தவர் மூன்று தடவை புரண்டு படுத்தார். பிறகு எழுந்து வந்து கையை நீட்டினார்.

“சட்டம் ஒழுங்கு கெடுது. தொண்டியா எடுத்துக்கிடுதேன்.”

மறுநாள் கேட்டபோது, கேஸில் கைப்பற்றிய தொண்டிப் பொருளைக் கோர்ட்டில் ஒப்படைத்தாயிற்று, கேஸ் முடிந்தால்தான் கிடைக்கும் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள், “கேஸ் என்னாச்சுப்பா?” என்று கேட்பதும், அவர், “வாய்தா போட்ருக்காக,” என்று சொல்வதும் வழக்கமாகிப்போயிற்று. தவளை எந்தக் குப்பையில் எப்போது மட்கியதோ என்று அவள் நினைத்துக்கொள்வாள். கேட்பதை மட்டும் விடவில்லை.

மத்தியானம் ஜெர்வின் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் எலினா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

“சாக்ஸு இன்னும் கெடைக்கலடா.”

ஜெர்வின் மூக்கை உறிஞ்சியபடி நிமிர்ந்தான். “அரிசிப் பானையில பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

“பாத்ரூம் பரண்? ஒரு வருசம் அங்க வச்சிருந்தாகளே.”

இரண்டு பேரும் எழுந்து போனதைப் பார்த்துச் சபைப் பெண்கள் பாட்டுக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தையல் மிஷினுக்கு அடியில், கொல்லையில் கோழிக் கூண்டுக்குள்கூடப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டு கௌதம்ராஜ் மதில்மேல் கையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு தினமும் வாக்கிங் போகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எலினாவையும் தெலுங்கில் ‘அம்மாயி’ என்றுதான் கூப்பிடுவார். காலையிலிருந்து அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

“என்ன அம்மாயி, என்ன தேடுறீங்க?”

“சாக்ஸு மாமா. அப்பா நெறச்சு வச்சாகளா இல்லையான்னே தெரியல.”

“வச்சாச்சு, வச்சாச்சு. நேத்து எங்க மரத்துல நாலு எலுமிச்சங்கா பறிச்சுட்டுப் போனாரே. கோணி ஊசியும் கேட்டு வாங்கினாரு. எதுக்குன்னு கேட்டா, ‘ரகசியம்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

எலினா விரல் விட்டு எண்ணினாள். நாலு பழம் என்றால் நாலு சாக்ஸ். வேலையை முடித்துவிட்டுத்தான் மனுசன் படுத்திருக்கிறார். வீட்டுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

ஆனால் மூன்று மணியாகிவிட்டது. சவப்பெட்டி வந்து இறங்கியது. போதகர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஆண்கள் அப்பாவை உள்ளே தூக்கிப்போய்க் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி சட்டை உடுத்தினார்கள். அறை வாசலில் போர்வையைத் திரை கட்டியிருந்தார்கள். எலினா முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தேடியது போதும் என்று கால்கள் சொல்லிவிட்டன. அதற்கப்புறம் அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து தவசிமுத்து மாமாவின் குரல் கேட்டது. அம்மாவின் தம்பி. துணிமணி உடுத்துகிற வேலையை அவர்தான் முன்நின்று செய்துகொண்டிருந்தார்.

“எக்கா, சவப்பெட்டிக்காரன் குடுத்த வெள்ளைச் சாக்ஸு மச்சானுக்குப் பத்தல. பாதத்துலயே கிழிஞ்சிருச்சு.”

“அவிய காலு என்ன சின்னப்புள்ளக் காலா?” என்றாள் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து. “அவிய சாக்ஸையே போட்டு விடு. கட்டிலுக்கு அடியில பூட்ஸுப் பெட்டி கெடக்கும் பாரு.”

மாமா கட்டிலுக்கு அடியில் தலையைக் கொடுத்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஏற மாட்டேங்குதே,” என்றார். “நுனியில என்னமோ அடைக்குது.”

திரையை விலக்கிக்கொண்டு மாமா வெளியே வந்தார். உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

பாட்டு பாதியில் நின்றது. புதுப்பட்டி அத்தை எழுந்து நின்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“எங்கண்ணன் சாக்ஸுக்குள்ளயா?”

“ஆமாக்கா. காலு வெரலுக்கிட்ட.”

“வச்சிட்டானுகளே,” என்றாள் அத்தை. “நல்லாருந்த மனுசன் காப்பி குடிச்சுட்டுப் படுத்தவரு எந்திரிக்கலன்னா சும்மாவா. எவனோ செய்வினை வச்சிட்டான்.”

முன்வரிசைப் பெண் ஒருத்தி பைபிளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கையால் தொடாதே என்றது ஒரு குரல். உப்பைக் கொண்டுவா என்றது இன்னொன்று. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எதற்கும் பயப்படாதவர் என்று பேரெடுத்த தவசிமுத்து மாமா கையை உதறினார். பழம் தரையில் விழுந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே உருண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த எலினாவின் பாதத்தில் வந்து முட்டி நின்றது.

எலினா அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். லேசான கம்பளி வாடை. அதோடு, எத்தனையோ கிறிஸ்துமஸ் காலை.

அவள் சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெர்வின் ஓடிவந்து பழத்தைப் பார்த்துவிட்டு அவனும் சுவரில் சரிந்தான். காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துத் தாங்கப்போன பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

“பைத்தியம் புடிச்சிருச்சா எல்லாத்துக்கும்?” என்றாள் அத்தை.

“செய்வினையும் இல்ல, ஒண்ணுமில்லத்தே. அப்பா வச்ச பழம்,” என்று எலினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சாக்ஸ் கதையை, வாடையை, எலுமிச்சையை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லச் சபைப் பெண்கள் முகத்தில் சிரிப்பு ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனதில் ஏதோ கணக்கு ஓடியது.

“ஏட்டி, அப்ப அந்தச் சர்பத்து?”

அம்மா மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இந்தப் பழத்துலயா இம்புட்டு வருசமும் எனக்கு ஊத்திக் குடுத்தீக?”

“நீங்கதான அத்தே ரெண்டு ரெண்டு டம்ளர் கேட்டு வாங்குவீக,” என்றான் ஜெர்வின்.

வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. வாசல் பந்தலில் இருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தை அண்ணன் படுத்திருந்த அறையைப் பார்த்து, “அடப் படுபாவி, சாகப்போற நேரத்துலயும் ஆள விடமாட்டியா,” என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

எலினா எழுந்து அறைக்குள் ஓடினாள். பூட்ஸ் பெட்டி திறந்து கிடந்தது. மாமா எடுத்தது மேலாக இருந்த அப்பாவின் சாக்ஸ். மற்றவர்கள் நிரப்புவதற்காக வெறும் பழத்தோடு வைத்திருந்தது. மற்ற மூன்றும் பூட்ஸுகளுக்குள் ஆழமாகத் திணித்து, மேலே செய்தித்தாளை அடைத்து வைத்திருந்தார். காலையில் அவர் கடைசியாகப் படுத்த கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. அங்கே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தன் கைப்பையைத் திறந்து, வண்ணத்தாள் சுற்றிய பொட்டலத்தை மாமாவிடம் நீட்டினாள். “இதப் போட்டு விடுங்க மாமா. அவுகளுக்கு நான் வாங்கி வச்சிருந்தது.”

நீல நிறத்தில் மெத்தென்ற புதுச் சாக்ஸ். சரியான அளவு. எப்போதும் கடைசியாகப் பரிசு வாங்குகிறவருக்கு இந்த வருடம் முதலாவதாகக் கிடைத்தது.

அப்பாவைக் கொண்டுவந்து பெட்டிக்குள் கிடத்தினார்கள். எலினா மூன்று காக்கிச் சாக்ஸோடு வந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா போதகரைப் பார்த்தாள்.

“ஐயா, ஒரு அஞ்சு நிமிசம். அவிய காத்துக்கிட்டு இருக்காக,” என்றாள்.

“தொறங்கம்மா. நானும் பாக்குறேன்,” என்றார் போதகர்.

அம்மா கண்ணைக்கூட மூடவில்லை. கையை விட்டதும், “தைலம்தான்,” என்றாள். தைல டப்பாதான். “ஒரு வருசமாவது மாத்தி வாங்குறாகளா பாரு,” என்று பெட்டியைப் பார்த்துக் கடிந்துகொண்டாள். அடுத்து ஜெர்வின். தடவித் தடவிப் பார்த்து, சாவிக்கொத்து என்றான். வெளியே எடுத்தால் நகவெட்டி. வீடியோ காலில் அவன் நகத்தைப் பார்த்து அப்பா திட்டியது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அவன் பெட்டிக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். “தோத்துட்டேங்கய்யா,” என்று சொல்லிவிட்டு நகவெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எலினா கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டாள். மேலே கசக்கிய தாள். அதற்குக் கீழே பஞ்சு. அதற்கும் கீழே கோணி ஊசியால் தைத்து மூடிய ஒரு துணிப்பை. ஓரத்தில் கொஞ்சம் மண்ணைக்கூடப் போட்டு வைத்திருந்தார். தோற்கடிக்க வேண்டும் என்று மனுசன் ராவும் பகலும் யோசித்திருக்கிறார். அவள் விரல் துணிக்கு மேலாக நகர்ந்தது. மெல்லிய தகர விளிம்பு. உள்வாங்கிய வயிறு. கட்டைவிரலால் அமுக்கினாள். கம்பளிக்கும் பஞ்சுக்கும் உள்ளே, அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அது சத்தம் போட்டது.

கேஸ் முடிந்துவிட்டது.

“என்னக்கா, என்னது?” என்றான் ஜெர்வின். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். புதுச் சாக்ஸ் போட்ட கால்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. உதட்டோரம், விசாரணை செய்கிறபோது சிரிப்பை அடக்குகிற அதே சுழிப்பு. இத்தனை வருடமும் அவரை ஒரு தடவைகூட அவள் ஜெயிக்க விட்டதில்லை.

“தெரியல,” என்றாள்.

“ஒனக்கா தெரியல?”

“ஆமா. பிடிபடல.”

சாக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, அந்த வீட்டில் யாரும் அடித்திராத சல்யூட் ஒன்றை அடித்தாள்.

“தோத்துட்டேங்கய்யா.”

துணிப்பையை அங்கே அவள் பிரிக்கவில்லை. பிரித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அம்மா மட்டும் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போதகர் ஜெபித்து முடித்தார். ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டார்கள். எலினா வலது கையால் போட்டாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்ற அந்த அமைதியில், “டக்.”

ஜெர்வின் சட்டென்று திரும்பினான். அக்கா நேராகப் பார்த்தபடி நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், முந்தானையைப் பார்த்தான், பிறகு குழிக்குள் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளோடு ஒட்டி நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்து முடித்தபோது கௌதம்ராஜ் வாசலில் ஸ்டாருக்கு விளக்குப் போட்டுவிட்டிருந்தார். சமையலறையில் அம்மா நாலு எலுமிச்சம்பழத்தையும் கழுவி, அறுத்து, பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். எலினா டம்ளர்களில் ஊற்றி முன்னறைக்குக் கொண்டுபோனாள். புதுப்பட்டி அத்தையிடம் தட்டை நீட்டும்போது கொஞ்சம் தயங்கினாள்.

அத்தை டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஐஸ் பெட்டி இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

“இன்னொரு டம்ளர் ஊத்துட்டி.”